வன்தட்டு புலப்படாவிடில்

கணினியில் இயங்குதளத்தை நிறுவுங்கால், வன்தட்டு எதுவுமில்லை என்னும் செய்தி சில சமயம் திரையில் தோன்றும். உடனே தட்டு பழுதுற்றதென முடிவு செய்தல் தகாது. கோலார் தங்கவயலில் 1965-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் நியூட்ரினோவின் அடையாளத்தைக் காண முடிந்தது, விண்ணிலிருந்து வரும் ஏனைய துகள்களை இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை தடுத்து விலக்கியதனாலேயே. பழுது காண்பதற்கும், பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கும் முறையே ஏற்றது.

முதற்கண் பயாஸ் திரையைப் பார்த்தல் வேண்டும். அங்கும் தட்டின் பெயர் இல்லையாயின், மின்சாரத்தை நிறுத்தி, மின்கம்பியையும் தரவுக் கம்பியையும் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்துக; வேறு கம்பி கொண்டும் சோதிக்க. அதன் பின்னரும் தெரியாவிடில் தட்டை ஐயுறலாம்.

பயாஸில் தோன்றும் தட்டு நிறுவும்பொழுது மட்டும் தோன்றாவிடில், குறை பெரும்பாலும் இயக்கி நிரல் இன்மையே. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான பல கணினிகளில், விஎம்டி என்னும் அமைப்பு தட்டைத் தன் கட்டுப்பாட்டில் கொள்வதால், விண்டோஸ் நிறுவுகையில் இது நேர்கிறது. கணினி உற்பத்தியாளர் வழங்கும் இயக்கியை யுஎஸ்பி நினைவகத்திலிருந்து ஏற்றினால் தட்டு புலப்படும்.

தட்டில் முன்னரே கோப்புகள் இருப்பின், அவற்றிற்கு நகல் எடுக்குமுன் எப்பிரிவையும் அழித்தல் கூடாது. புலப்படாத தட்டிலுள்ள கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவசரத்தில் அழித்தவற்றை மீட்டல் அரிது.