முதல் யோகா வகுப்புக்குப் போகுமுன்...

அக்கம்பக்கத்து சமூக மன்றத்திலோ தாமான் பூங்காவிலோ யோகா வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, "நாமும் போய்ப் பார்க்கலாமே" என்று நினைத்திருக்கிறீர்களா? நல்ல எண்ணம். ஆனால் பெயரைப் பதிந்து விரிப்பு வாங்கியதோடு ஆயத்தம் முடிந்துவிடாது. உங்கள் தசை, எலும்பு, இதயம், கண் ஆகியவை ஆசனங்களின்போது எப்படி நடந்துகொள்கின்றன என்பதை ஓரளவு தெரிந்துகொண்டு போனால், காயமின்றிப் பயன் பெறலாம்.

வளையாத உடம்புக்கு யோகா வருமா?

புதியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. பதிலை நீங்களே கண்டறியலாம். நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை முன்னே நீட்டிக் குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து சற்று முன்னே சாயுங்கள். தொடையின் பின்புறம் இழுக்கும். அந்த இடத்திலேயே நின்று, அரை நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள். இழுவிசை மெல்லத் தளர்வதையும், இன்னும் கொஞ்சம் சாய முடிவதையும் உணர்வீர்கள்.

அரை நிமிடத்தில் தசை நீளமாகிவிடவில்லை. தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. தசை திடீரென இழுபடும்போது அவை முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே "சுருங்கு" என்ற கட்டளை திரும்பி வருகிறது. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது கால் தானாக உதறுகிறதே, அதே அனிச்சைச் செயல்தான் இது. தசை கிழிந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு. மெதுவாக நீட்டினால் இந்த எதிர்ப்பு குறைவாக இருக்கும். குதித்துக் குதித்துக் குனிந்தால் அதிகமாகும்.

தொடர்ந்து சில வாரங்கள் பயிற்சி செய்பவர்களுக்கு வரும் வளைவில் பெரும்பகுதி, நரம்பு மண்டலம் அந்த இழுவிசையைச் சகிக்கப் பழகுவதால் வருவதே. ஆகவே, வளைந்த பிறகு யோகாவுக்குப் போக வேண்டும் என்பதில்லை.

பக்கத்து விரிப்பைப் பார்க்காதீர்கள்

தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் பொருந்தும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். குழியின் ஆழமும் அது நோக்கும் திசையும் எல்லாருக்கும் ஒன்றல்ல. பக்கத்தில் இருப்பவர் எளிதாகப் பத்மாசனம் போடுகிறார் என்றால், அவருடைய எலும்பின் அமைப்பு அதற்கு இடம் கொடுத்திருக்கலாம். எலும்பில் எலும்பு முட்டி நிற்கும் இடத்தைப் பயிற்சியால் தாண்ட முடியாது. அங்கே வலிந்து மடக்கினால், அந்தத் திருகல் முழங்காலுக்குப் போய்ச் சேரும். முழங்கால் கதவுக் கீல் போன்றது, திருகலைத் தாங்காது.

தசையின் நடுப்பகுதியில் மந்தமாக இழுப்பது சரி. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினாலோ, கை கால் மரத்தாலோ, மின்சாரம் பாய்வதுபோல் இருந்தாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள்.

வெறும் வயிறு எல்லாருக்கும் பொருந்துமா?

கனமான உணவுக்குப் பின் இரண்டு, மூன்று மணி நேரம் கழித்தே பயிற்சி செய்வது நல்லது. தேங்காய்ப்பாலும் எண்ணெயும் சேர்ந்த நாசி லெமாக் போன்ற உணவு வயிற்றை விட்டு நகர இன்னும் தாமதமாகும். நிறைந்த வயிற்றோடு குனிந்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும்.

ஆனால் நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைக் கீழிறக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் "வெறும் வயிறு" என்பதை அப்படியே பின்பற்றக் கூடாது. மருந்து ஒரு பக்கம் சர்க்கரையைக் குறைக்கிறது, உழைக்கும் தசை மறுபக்கம் அதை எடுத்துக்கொள்கிறது. கை நடுக்கம், திடீர் வியர்வை, தலைசுற்றல் ஆகியவை சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதன் அறிகுறிகள். காலை வகுப்புக்கு முன் என்ன சாப்பிடுவது, மருந்தை எப்போது எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் இனிப்பு மிட்டாய் இருக்கட்டும்.

தலைகீழ் ஆசனங்களும் கண்ணும்

கண்ணுக்குள் இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு. சிரசாசனத்தில் அது ஏறக்குறைய இரு மடங்காக உயர்வது ஆய்வில் அளந்து காட்டப்பட்டுள்ளது. கைகளையும் கால்களையும் ஊன்றித் தலையைத் தாழ்த்தும் அதோ முக சுவானாசனத்திலும் அழுத்தம் கூடுகிறது. ஆரோக்கியமான கண்ணில் நிமிர்ந்ததும் அது இறங்கிவிடும். கிளௌக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பார்வை நரம்புக்கு அது ஆபத்தாகலாம். இந்நோய் பெரும்பாலும் வலியின்றி, அறிகுறியின்றி வருகிறது. 40 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருப்பவர்களும், தலைகீழ் ஆசனங்களைக் கற்கும் முன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நலம்.

எலும்பும் ரத்த அழுத்தமும்

ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோய் மாதவிலக்கு நின்ற பெண்களிடம் அதிகம். முதுகைக் கூனிக் குனியும்போது முள்ளெலும்புகளின் முன்பகுதியில் சுமை குவிகிறது. மெலிந்த எலும்பு அங்கே நசுங்கி முறியலாம். இத்தகையவர்கள் காலைத் தொட வேண்டும் என்ற ஆசையை விட்டு, முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து சாய்ந்தால் போதும். கழுத்தில் சுமை இறங்கும் சர்வாங்காசனத்தையும் அவர்கள் தவிர்க்க வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சவாசனத்திலிருந்து சட்டென்று எழக் கூடாது. எழும்போது புவியீர்ப்பால் ரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. அதை ஈடுசெய்ய உடலுக்குச் சில நொடிகள் வேண்டும். பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, பிறகு எழுங்கள். கடினமான நிலைகளில் மூச்சை அடக்கி முக்குவது ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும், அதையும் தவிருங்கள்.

மூச்சு செய்யும் வேலை

மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாவதையும், விடும்போது தணிவதையும் பலரால் உணர முடியும். இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு, மூச்சை விடும்போது கூடுதலாக வேலை செய்வதே காரணம். நாம் இயல்பாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பயிற்றுநர் அதைக் குறைக்கச் சொல்வது இதற்காகத்தான். வேகமாக மூச்சை வெளியேற்றும் கபாலபாதி வேறு வகை. கர்ப்பிணிகளும் கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அதைச் செய்யக் கூடாது.

நம் வானிலையில்

ஈரப்பதம் மிகுந்த நம் ஊர்களில் வியர்வை எளிதில் ஆவியாகாது, அதனால் உடல் குளிர்வதும் தாமதமாகும். தண்ணீரை முன்னும் பின்னும் சிறிது சிறிதாகக் குடியுங்கள். விரிப்பு வழுக்காமல் இருக்கத் துண்டு கொண்டு செல்லுங்கள். "வியர்த்தால் நச்சு வெளியேறும்" என்பதை நம்பி வெப்ப அறை வகுப்பில் முதல் நாளே சேர வேண்டாம். கழிவகற்றும் பணியைப் பெரும்பாலும் கல்லீரலும் சிறுநீரகமும்தான் செய்கின்றன.

பயிற்றுநரிடம் சொல்ல வேண்டியவை

வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், தனியாகச் சொல்லுங்கள்: உங்களுக்குள்ள நோய்கள், சாப்பிடும் மருந்துகள், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், பழைய முதுகு, முழங்கால் வலி, கர்ப்பமாக இருந்தால் எத்தனையாவது மாதம். நல்ல பயிற்றுநர் மாற்று ஆசனம் சொல்லித் தருவார். "எல்லாருக்கும் எல்லாம் செய்ய வரும்" என்று சொல்லி உங்கள் முதுகை அழுத்துபவரிடம் "எனக்கு இது போதும்" என்று சொல்லத் தயங்காதீர்கள். பயிற்சியின்போது நெஞ்சு வலியோ கடும் மூச்சுத் திணறலோ வந்தால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். அவசர மருத்துவ உதவிக்கு மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

முதல் நாள் வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது மூச்சு சீராகவும், உடம்பு லேசாகவும் இருந்தால் போதும். மறுநாள் தசையில் சிறு வலி இருப்பது இயல்பு. அடுத்த வாரம் மறுபடியும் போகலாம்.