செவிக்குப் பொருந்தும் கருவி

கம்பியில்லா இயர்பட் வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது பொருத்தமே என்பேன். அதன் சிலிக்கோன் முனை செவித்துளையைச் செவ்வனே அடைக்காவிடில் தாழ்ந்த ஒலிகள் கசிந்துவிடும்; மிருதங்கத்தின் தொப்பி மெலிந்து கேட்கும். வெளியிரைச்சலும் உட்புகும். உடனே ஒலியைக் கூட்டுகிறோம். மின்கலம் விரைவில் தீர்கிறது. கலத்தை மீண்டும் ஏற்றலாம். செவியினுள் அழிந்த நுண்மயிர்ச் செல்களோ மீண்டும் முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலாயின் 4 மணி நேரமே. ஆதலின், உடன்வரும் முனைகள் அனைத்தையும் மாற்றிப் பாருங்கள். எனக்கு வலச்செவிக்கு நடுத்தரமும் இடச்செவிக்குச் சிறியதும் பொருந்தின. தொப்பி நிறைந்து ஒலித்தால் அதுவே உங்கள் அளவு.