சேணம் வாங்கும்முன் முதுகைத் தடவிப் பாருங்கள்

டெல்லியில் பிள்ளையைக் குதிரையேற்றத்துக்கு அனுப்பும் பெற்றோர், ஒரு கட்டத்தில் தனியாகச் சேணம் வாங்க வேண்டுமா என்று யோசிக்கிறார்கள். கான்பூர்ச் சேணம் புவிசார் குறியீடு பெற்றது. தோலும் தையலும் நன்றாகவே இருக்கும். ஆனால் தோலின் தரம் வேறு, பொருத்தம் வேறு. சேணத்தின் உள்ளே மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு சட்டம் இருக்கிறது. அதன் அகலம் குதிரையின் முதுகோடு ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் குதிரைக்கு வலிதான்.

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரைக்கு, கழுத்தும் முதுகும் சேரும் இடமான தோள்மேடு உயர்ந்து நிற்கும். அகலமான சட்டம் அதன் மேலேயே இறங்கி அழுத்தும். உருண்ட முதுகுள்ள மட்டக்குதிரையில் சேணம் பக்கவாட்டில் சுழலும். அதனால் நம்தா (சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பு) எதுவும் போடாமல் சேணத்தை வெறும் முதுகில் முதலில் வையுங்கள். தோள்மேட்டுக்குச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி நகர்த்தினால், தோள்பட்டை எலும்புக்குப் பின்னே அது தானாக அமரும். பின்புறம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் தோள்மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். முதுகெலும்பின் மேல் சேணம் எங்கும் படக் கூடாது. சேணத்தின் அடிமெத்தைக்கும் முதுகுக்கும் நடுவே கையை விட்டுத் தடவுங்கள். முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் காலியாக இருந்தால் அந்தச் சேணம் வேண்டாம்.

கம்பளி அடைத்த தோல் சேணமா, சட்டத்தின் அகலத்தை மாற்றக்கூடிய செயற்கைச் சேணமா? வளர்ந்து முடித்த, ஒரே குதிரைக்கென்றால் தோலைத்தான் சொல்வேன். டெல்லியில் மே, ஜூன் வெயிலில் இளைத்த குதிரை குளிர்காலத்தில் சதை போடலாம்; கம்பளியைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம், நுரை மெத்தையில் அது முடியாது. ஆனால் மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை பிடிக்கும், துடைத்து எண்ணெய் பூச ஆள் வேண்டும். இன்னும் வளரும் இளங்குதிரைக்குச் செயற்கைச் சேணமே புத்திசாலித்தனம். சட்டமே இல்லாத சேணத்தில் சவாரி செய்பவரின் எடை ஓரிடத்தில் குவியும். தோள்மேடு உயர்ந்த குதிரைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறுக்கமான சேணத்துக்குத் தடித்த நம்தா மருந்தல்ல. இறுகிய ஷூவுக்குள் இன்னொரு சாக்ஸ் போட்ட கதைதான். வியர்வையை உறிஞ்சும் மெல்லிய கம்பளி நம்தா போதும்.

சேணம் நழுவினால் வயிற்று வாரை இன்னும் இறுக்கச் சொல்வது குதிரையைப் பராமரிக்கும் சயீஸ்களிடம் உள்ள பழக்கம். அதனால் குதிரைக்கு மூச்சும் நடையும்தான் கெடும். பின்னால் நழுவினால் மார்பு வார், முன்னால் நழுவினால் வால் வார். பக்கவாட்டில் சுழன்றால் சட்டத்தின் அகலத்தையும் அங்கவடிகளின் நீளத்தையும் பாருங்கள். வயிற்று வார் முன்னங்கால் முழங்கைக்கு ஏறக்குறைய ஒரு கை அகலம் பின்னே இருக்கட்டும். ஒரே இழுப்பில் இறுக்காமல், சற்று நடத்தியபின் மீண்டும் ஒரு துளை ஏற்றுங்கள்.



விலை பேசும்முன் ஒரு சவாரிக்குச் சேணத்தைக் கேட்டு வாங்குங்கள். முதுகு வியர்க்கும் அளவுக்கு ஓட்டிவிட்டுச் சேணத்தைக் கழற்றிப் பாருங்கள். நனைந்த முதுகில் இருபுறமும் ஒரே மாதிரி ஈரம் இருந்தால் வாங்கலாம். ஈரத்துக்கு நடுவே உலர்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் இருக்கலாம். தேர்ந்த சேணக்காரர் ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.