சீனப் பின்னலும் நம் சீருடையும்

சமூக அறிவியலில் உடை, உணவு, பண்பாடு என்று வரும் பகுதிக்காகக் கடையில் ஒரு சார்ட் விற்கிறார்கள். நாட்டுக்கு ஒரு பொம்மை, பொம்மைக்கு ஓர் உடை. சீனர் என்றால் பட்டு அங்கியும் நீண்ட பின்னலும். அதை நான் சுவரில் மாட்டுவதில்லை. கேள்வி கேட்கப் பயன்படுத்துகிறேன். எங்கள் வகுப்பில் அருப்புக்கோட்டைத் தறிக்காரர் பிள்ளைகளும் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் சிலர். உடையைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாமா என்பதே முதல் கேள்வி.

பிறகு நீலகிரிக்குப் போவோம். 19ஆம் நூற்றாண்டில், மலாயாப் பக்கத்து ஆங்கிலேயர் குடியேற்றங்களில் சிறையில் இடம் போதாமல் சீனக் கைதிகளை இங்கே அனுப்பினார்கள். விடுதலையான சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே மலைச்சரிவில் தங்கி, தமிழ்ப் பெண்களோடு குடும்பமாகி, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். எட்கர் தர்ஸ்டன் அவர்களை நேரில் பார்த்து எழுதியது 1909இல் வெளியான அவருடைய தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் இருக்கிறது. பிள்ளைகளின் நிறத்தையும் மூக்கையும் அவர் ஆராயும் பகுதி வகுப்புக்கு வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது ஒரே செய்தியை. கிறித்தவரான ஒரு சீனத் தந்தைக்கு இருந்த ஒரே மனக்குறை, மதம் மாறும்போது பின்னலை வெட்ட நேர்ந்ததுதான்.

பின்னல் போனதற்கு அவ்வளவு வருத்தமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கேதான் பாடம் சூடு பிடிக்கும். அந்தப் பின்னல் சீனர்களின் ஆதிவழக்கமே அல்ல. சீனாவைப் பிடித்த மஞ்சூ அரசு 1645இல் ஹான் ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னல் போட வேண்டும், மறுத்தால் தலை போகும் என்று ஆணையிட்டது. திணிக்கப்பட்ட அடையாளம் இரண்டு நூற்றாண்டுகளில் சொந்தமாகிவிட்டது. 1911 புரட்சியை ஒட்டி அது சீனாவிலேயே மறையத் தொடங்கியது.

கொல்கத்தாவின் டாங்ராவில் தோல் பதனிட்ட ஹக்கா சீனர்கள், பென்டிங்க் தெருவில் சீனர் நடத்திய செருப்புக் கடைகள் இரண்டையும் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1962ஐ மட்டும் விட வேண்டாம். சீனப் போரின்போது ஏறத்தாழ 3,000 பேர் சீன வம்சாவளி என்பதற்காகவே இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். இந்தியாவில் பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். நம்மைப் போல உடுத்தியது அவர்களைக் காக்கவில்லை. இதை அவசரப்படாமல் சொல்லுங்கள்; வகுப்பு தானாகவே அமைதியாகும்.

இதே கதையைத் திருப்பிப் போட்டால் மலாக்கா செட்டிகள். அங்கே வணிகத்துக்குப் போய் உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழர்களின் வழியினர். பேசுவது மலாய், பெண்களின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும். பொங்கலும் உண்டு. இவர்கள் தமிழரா என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் நின்றுகொள்வேன்.

செயல்பாட்டுக்குத் தொலைவு போக வேண்டாம். நம் பள்ளிகளிலேயே மாணவியரின் பாவாடை தாவணி போய்ச் சுடிதார் வந்திருக்கிறது. பாட்டி, அம்மா, அக்கா மூவரும் பள்ளி வயதில் என்ன உடுத்தினார்கள், எப்போது மாறியது, யார் மாற்றச் சொன்னார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். புகைப்படம் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். எல்லா வீட்டிலும் இருக்காது. சாதியையும் வசதியையும் தொடும் பதில்களைச் சத்தமாகப் படிக்க வைக்கவும் வேண்டாம். இரண்டு பாடவேளை ஆகும். நடுவட்டம், கொல்கத்தா, தேவ்லி, மலாக்கா நான்கையும் வரைபடத்தில் குறிப்பது அதற்குள்ளேயே முடிந்துவிடும்.