தொண்டைப் புற்றில் வைரஸ்: கெட்டதிலும் ஒரு நல்லது

"ரிப்போர்ட்ல வைரஸ் வேற இருக்காம். இன்னும் மோசமா டாக்டர்?" பயாப்ஸி ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் கலங்கிப்போய்க் கேட்பார்கள். விஷயம் நேர்மாறு.

டான்சில், அடிநாக்குப் பகுதியில் புற்று வர முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, புகையிலையும் மதுவும். மற்றது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், அதிலும் பெரும்பாலும் 16-ம் வகை. புகையிலை, செல்லுக்குக் காவல் நிற்கும் மரபணுவையே கெடுத்துவிடுகிறது. வைரஸோ காவல்காரனைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். அதனால் வைரஸ் புற்று கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் சீக்கிரம் மசியும். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வைரஸ் உள்ளவர்களில் 82 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இல்லாதவர்களில் 57 சதவீதம்தான். வித்தியாசம் சின்னதா என்ன?

சிகரெட் பிடிக்கிறவருக்கு இந்த அனுகூலம் குறைந்துவிடும். குரல்வளைப் புற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

"அப்போ சிகிச்சையைக் குறைச்சுக்கலாமே?" வேண்டாம். சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக செட்டுக்ஸிமாப் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2018-ல் வந்தன. இரண்டிலுமே பிழைத்தவர்கள் குறைவு. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: கதிர்வீச்சைப் பாதியில் விட்டுவிட்டு என் சூரணத்துக்கு வராதீர்கள்.

பயாப்ஸி எடுத்த சதையிலேயே 'பி-16' என்ற பரிசோதனை செய்யலாம். வைரஸின் கைவரிசையா என்பதற்கு அது நல்ல அடையாளம். உங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால், புற்றுநோய் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கழுத்தில் வலியில்லாத கட்டி மூன்று வாரமாகியும் கரையவில்லையா? பத்துப் போட்டுக்கொண்டு இருக்காமல் உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.