வீட்டுக் குப்பையை எருவாக்கும் முறை

எருவுக்குத் தட்டுப்பாடு என்று முறையிடாத உழவர் நமது கிராமங்களில் எவருமிலர். ஆயினும், காலையில் பெருக்கி வாரிய குப்பை தெருவோரத்தில் கொட்டப்படுவதையும், தொழுவத்து மூத்திரம் சாக்கடையில் கலந்து ஓடுவதையும் அவர்களே நாள்தோறும் கண்டும் காணாதிருக்கின்றனர். இவ்விரண்டையும் வயலுக்குக் கொண்டு சேர்க்கும் வகை யாதென்பதை ஈண்டு ஆராய்வோம்.

மாட்டிலிருந்து வெளிப்படும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்திலேயே இருக்கிறது; சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் அதிலேதான். சாணத்தில் மிகுந்திருப்பது மணிச்சத்தே. வளர்ந்த மாடொன்று நாளொன்றுக்கு 7 அல்லது 8 லிட்டர் மூத்திரம் விடுவதாகவும், அதில் நூற்றுக்கு 1 பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தழைச்சத்து இருப்பதாகவும் கொண்டால், ஓராண்டில் சுமார் 20 கிலோ தழைச்சத்தாகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ளதும் ஏறக்குறைய அவ்வளவே. முழுவதையும் சேகரித்தல் இயலாது. பாதி கிடைப்பினும் லாபமே. இதற்குச் சிமெண்டுத் தளம் வேண்டுமென்று சொல்லித் தட்டிக்கழிப்போர் பலர். வேண்டுவதில்லை. கட்டுத்தரையில் உலர்ந்த மண்ணை அரையடி கனத்துக்குப் பரப்பி, மாடு தின்று கழித்த வைக்கோலையும் சருகையும் இரவில் அதன்மேல் விரித்து, காலையில் நனைந்தவற்றைச் சாணத்தோடு வாரிக் குழியிலிட வேண்டும். நனைந்த மண்ணையும் அவ்வப்போது வெட்டியெடுத்துக் குழியில் சேர்த்துப் புதுமண் பரப்புக.

இனிக் குழியைப் பற்றி. 1924-ம் ஆண்டு முதல் 1931-ம் ஆண்டு வரை இந்தூரில் பணியாற்றிய ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த முறையில், குப்பையைப் பலமுறை புரட்டிவிட, மூன்று மாதத்தில் கூட்டெரு தயாராகும். எரு மிக நேர்த்தியானதே. ஆனால் புரட்டுவதற்கு ஆளும் தெளிப்பதற்குத் தண்ணீரும் வேண்டும். இக்காலத்துக் கூலியில் அது சாதாரண உழவருக்குக் கட்டுப்படியாகாது என்பது எமது அபிப்பிராயம். பின்னர் டாக்டர் ஸி. என். ஆச்சார்யா பெங்களூரில் கண்ட மூடுகுழி முறையே நமக்கு ஏற்றது. சுமார் 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி வெட்டி, ஒரு முனையில் 3 அடி நீளத்தை மட்டும் முதலில் நிரப்ப வேண்டும். அப்பகுதி தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டு, அடுத்த பகுதியைத் தொடங்குக. புரட்ட வேண்டியதில்லை. மூடிய நாலைந்து மாதத்தில் மக்கிய எரு கிடைக்கும். நாலு மாடுள்ள வீட்டுக்கு இரண்டு குழிகள் போதும்.

குழியை மேட்டில் வெட்டுதல் முக்கியம். யாம் ஒரு கிராமத்தில் முதன்முதல் செய்து காட்டிய குழி, வண்டி போக வசதியென்று பள்ளத்தில் வெட்டப்பட்டது. ஐப்பசி மழையில் அது குட்டையாகி, சத்தெல்லாம் கரைந்துபோயிற்று. அக்கிராமத்தார் அடுத்த இரண்டு வருஷம் எமது பேச்சுக்குச் செவிகொடுக்கவில்லை. அது நியாயமே. குழியைச் சுற்றி ஓரடி வரப்புக் கட்டினால் மழைநீர் புகாது.

அடுப்புச் சாம்பலைப் பச்சைச் சாணத்தின்மேல் குவிக்கும் வழக்கம் எங்கும் உண்டு. சாம்பல் மிகுந்தால் தழைச்சத்து ஆவியாய்ப் பறந்துவிடும். அதனைத் தனியே சேர்த்துத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். களர்நிலத்துக்கு மட்டும் ஆகாது. எரிவாயு அடுப்பு வந்தபின் வறட்டி தட்டுவது பல வீடுகளில் குறைந்துவிட்டது. அவ்வாறு மிஞ்சிய சாணம் குழிக்கு வராமல் வேலியோரத்தில் காய்ந்து கிடப்பதுதான் விந்தை.

முற்காலத்துக் குப்பையில் மக்காத பொருள் அதிகமில்லை. ஆகையால் வாரியதை அப்படியே குழியிலிட்டனர். இன்றோ பிளாஸ்டிக் பை, மாத்திரை அட்டை, கண்ணாடித் துண்டு, டார்ச் பாட்டரி யாவும் கலந்து வருகின்றன. பிளாஸ்டிக் தாள் வயலில் சேர்ந்தால் நீரையும் வேரையும் தடுக்கும்; மாடு தின்றால் இரைப்பையில் தங்கிப் பிராணாபாயம் விளைக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. ஆனால் பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்களிக்கப்பட்டமையால் அவை வீட்டுக்குள் வந்தே தீரும். குழியில் கொட்டியபின் பொறுக்குவது நடவாத காரியம். சமையலறையிலேயே மக்குவதற்கு ஒரு கூடையும் மற்றதற்கு ஒரு சாக்கும் வைத்தல் வேண்டும்.

குப்பைக் கூடையைச் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. குழி அரை மைல் தூரத்தில் இருந்தால் குப்பை தெருவில்தான் விழும். ஆதலால் கொல்லைப்புறத்திலேயே குழி அமைக்க. கிணற்றுக்கு மட்டும் விலகியிருக்கட்டும். கொல்லையில்லாத வீடுகளுக்கு ஊரையடுத்த புறம்போக்கில் இடம் காட்டுவது ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் கலந்து செய்யத்தக்கது. எருவை யார் எடுப்பதென்ற பிணக்கு நேராதபடி வீட்டுக்கொரு பகுதியை முளையடித்துப் பிரித்துவிட வேண்டும். தை அறுவடை முடிந்து ஆள் ஓய்ந்திருக்கும்போது குழி வெட்டிச் சித்திரைக்குள் மூடினால், ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவுக்கு முன் எருவை வண்டியேற்றலாம்.