கூடிய குளவியா, கூடாத குளவியா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் எல்லாக் கணக்கும் இருக்கிறது. அறையின் வெப்பம், ஈரப்பதம், விளக்கு எரியும் நேரம், குடமிளகாய் நாற்றின் வயது, கூண்டுக்கு எத்தனை அசுவினி, எத்தனை மம்மி (குளவிப் புழு உள்ளே தின்று, செத்து விறைத்த அசுவினி). நீ அனுப்பிய அஃபிடியஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பசுமைக்குடிலில் இரண்டு வாரத்துக்குள் இலைக்கடியெல்லாம் பழுப்பு மம்மிகள். விவசாயிக்குச் சந்தோஷம். அதற்கடுத்த தலைமுறையில் அசுவினி மறுபடி பெருகிவிட்டது. அதே தொகுதியை வைத்து நீ தொடங்கிய புதுக் கூண்டிலும் இப்போது வெளிவருவதெல்லாம் ஆண். தீனியில் கோளாறா, ஏதாவது நோயா என்று கேட்டிருக்கிறாய்.

அந்தக் குளவிகள் கூடினவா என்பது பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஒட்டுண்ணியையும் பூச்சிமருந்தைப் போல ‘ஏக்கருக்கு எத்தனை’ என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வளர்ப்பு அறைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பகிரங்கக் கடிதமாக எழுதுகிறேன்.

குளவி இனத்தில் பொதுவாகக் கருவுற்ற முட்டை பெண்ணாகிறது, கருவுறாதது ஆணாகிறது. தேனீயில் ஆண்கள் இப்படித்தான் பிறக்கின்றன என்று யோஹான் சியர்சோன் என்ற பாதிரியார் 1845இலேயே சொல்லிவிட்டார். நீயும் இதைப் பரீட்சையில் எழுதியிருப்பாய். பரீட்சையில் கேட்காத பகுதி ஒன்று உண்டு. ஆணைக் காணாத பெண் சும்மா காத்துக்கொண்டிருக்காது. வயிற்றைக் கால்களுக்கு நடுவே முன்னால் வளைத்து, அசுவினியைக் குத்தி முட்டை வைத்துவிடும். புழு உள்ளேயிருந்து தின்னும், அசுவினி செத்து, தோல் விறைத்து, மம்மியாகும். கூடிய பெண் உண்டாக்கிய மம்மிக்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே இருப்பது மகன் என்பது மட்டும்தான் வித்தியாசம். மகன்கள் அசுவினியைக் குத்துவதில்லை. ஆகவே நீ எண்ணிய மம்மிக் கணக்கு பொய்யில்லை, தாய்மார் வேலை செய்ததற்கு அது சாட்சி. அடுத்த தலைமுறையில் வேலை செய்ய ஆள் இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், பெரிதாக எண்ணாமல் நீ எழுதிவிட்டுப் போன விஷயம் ஒன்று இருக்கிறது. மம்மிகளை ஒவ்வொன்றாக மாத்திரைக் கூட்டில் அடைத்து வைத்தாய். வெளிவந்ததும் ஆண், பெண் பிரித்தாய். ‘ஆண் அசுவினியைக் குத்தாது, அதை அனுப்பி என்ன பயன்’ என்று பெண்களை மட்டும் விவசாயிக்கு அனுப்பினாய், மிச்சப் பெண்களைப் புதுக் கூண்டில் விட்டாய். வேறு கோளாறு எதையும் நீ தேட வேண்டாம். விவசாயி காசு கொடுத்து வாங்கியது கன்னிப் பெண் குளவிகளை.

இனி ஒரு மதியத்தை இதற்கென்று ஒதுக்கு. அன்று வெளிவந்த பெண் ஒன்றையும் ஆண் ஒன்றையும் ஒரே பெட்ரி தட்டில் விட்டு நுண்ணோக்கியின் கீழ் பார். பெண்ணின் வயிற்று நுனி கூராக இருக்கும். ஆணின் வயிறு மழுங்கியும் உணர்கொம்பு நீண்டும் இருக்கும். ஆணைக் கிளப்பிவிடுவது பெண்ணிடமிருந்து வரும் வாசனை. அது பட்டதும் ஆணின் நடை மாறும், வேகம் கூடும், இறக்கைகளைத் தூக்கி விசிறத் தொடங்கும். வெகுகாலம் பலரும் இந்த விசிறலைப் பெண்ணுக்கான பாட்டு என்றே நினைத்தார்கள். அஃபிடியஸ் எர்வியைப் பொறுத்தவரை அது பாட்டு இல்லை என்று சிலி நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். வாசனைக் காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளத்தான் ஆண் விசிறுகிறது என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஏறி அமர்ந்த பிறகு ஆண் தன் உணர்கொம்புகளால் பெண்ணின் உணர்கொம்புகளைத் தடவும். இந்தக் கட்டத்தை அவசரப்படாமல் பார். ஆணின் உணர்கொம்பில் சுரப்பிகள் இருக்கின்றன. கூடலில் உணர்கொம்புகளுக்கு உள்ள பங்கை இத்தாலிய ஆய்வாளர் குழு ஒன்று 2002இல் விரிவாக எழுதியிருக்கிறது. பெண் அசையாமல் நின்றால் இணங்கிவிட்டது என்று பொருள். இணங்காவிட்டால் நடந்துகொண்டே இருக்கும், பின்னங்காலால் தள்ளும்.

எர்விப் பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கூடும். அதன் பிறகு எந்த ஆணையும் அண்ட விடாது. அன்று வாங்கிய விந்தைப் பையில் சேமித்து, முட்டைக்கு முட்டை செலவிடும். ஆணுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, கிடைத்தவரை கூடும். ஆனால் அடுத்தடுத்துப் பல பெண்களோடு கூடிய ஆணிடம் விந்து குறைந்துபோகும். அப்படிப்பட்ட ஆணிடம் மாட்டிய பெண் முதல் சில நாள் மகள்களைப் பெற்று, பிறகு விந்து தீர்ந்து மகன்களாகப் பெறும். ‘ஒரு கூண்டுக்கு நாலு ஆண் போதாதா’ என்று கேட்டிருக்கிறாயே, அதற்குப் பதில் இதுதான். போதாது. ஆண் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

எல்லாக் குளவியும் அஃபிடியஸ் மாதிரி என்று நினைத்துவிடாதே. கறுப்பு மம்மி உண்டாக்கும் அஃபெலினஸ் குட்டையானது, பறப்பதைவிட நடப்பது அதிகம். அஃபெலினஸ் அசைகிஸ் என்ற இனத்தில், கூடாத பெண் நடந்துபோன பரப்பில் வாசனைத் தடம் ஒன்று படிகிறது என்றும், ஆண் அந்தத் தடத்தைப் பிடித்துப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறது என்றும் 1995இல் ஃபோவெர்க், ஹாப்பர், அந்தோலின் மூவரும் காட்டினார்கள். பின்னாளில் நீ அதை வளர்க்க நேர்ந்தால், கூடும் நேரத்தில் தட்டைத் துடைப்பதும் தாளை மாற்றுவதும் வேண்டாம். இன்னொரு பக்கம் லைசிஃப்ளபஸ் ஃபபாரம் இருக்கிறது. அதன் சில வம்சங்களில் ஆணே வேண்டாம், பெண் பெண்ணையே பெறும். ஒரே ஒரு ஒடுங்கு மரபணுவால் வருகிறது இது. கேட்டதும் உனக்கு ஆசையாக இருக்கும். அது அந்த இனத்தின் வசதி. உன் கூண்டில் இருப்பது வேறு இனம்.

இனி எப்போது ஆண் பெருகினாலும் உடனே ‘கூடவில்லை’ என்று முடிவு கட்டிவிடாதே. முதலில் மம்மியின் ஓட்டையைப் பார். அஃபிடியஸ் வெளியேறிய ஓட்டை வட்டமாக, விளிம்பு வழவழப்பாக இருக்கும். கடித்துக் குதறியது போலிருந்தால் வெளிவந்தது உன் குளவியே இல்லை, உன் குளவியைத் தின்ற மேலொட்டுண்ணி. நான் பார்த்த வளர்ப்பு அறைகளில் இதைச் சோதிக்கிறவர்கள் குறைவு. ஓட்டை சரியாக இருந்தால், சில பெண்களைத் தனித்தனிக் கூண்டில் அசுவினியோடு விட்டு, ஒவ்வொரு நாள் மம்மியையும் தனியாகப் பிரித்து வை. முதல் நாளிலிருந்தே எல்லாம் மகன் என்றால் அந்தப் பெண் கூடவில்லை. மகளில் தொடங்கி மகனில் முடிந்தால் விந்து தீர்ந்திருக்கிறது. இரண்டும் கலந்து வந்து, மகள்களெல்லாம் பெரிய அசுவினியிலிருந்தும் மகன்களெல்லாம் சின்னதிலிருந்தும் வந்தால் தாயிடம் ஒரு தப்பும் இல்லை. மகளுக்கு உடல் பெரிதாக இருந்தால் முட்டை அதிகம், அதனால் கூடிய பெண் பெரிய அசுவினியில் முட்டையைக் கருவுறச் செய்கிறது, சிறியதில் செய்யாமல் விடுகிறது. முட்டை இறங்கும்போது விந்தை விடுவதும் தடுப்பதும் அதன் கையில் இருக்கிறது. இந்தக் கணக்கை எரிக் சார்னோவ் என்ற ஆய்வாளர் கோட்பாடாகவே எழுதியிருக்கிறார். அப்போதுதான் பிறந்த குஞ்சு அசுவினிகளையே நீ கொடுத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாகக் கூடிய பெண்ணும் உனக்கு ஆண்களையே அதிகம் தரும்.

குளிர்பெட்டியைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஆர்டர் சேரும்வரை மம்மிகளை அதில் வைப்பது தவிர்க்க முடியாததுதான். தொடர்ந்து ஒரே குளிரில் வைத்தால் சாவு அதிகம். 4 டிகிரியில் வைத்து, நாளுக்கு 2 மணி நேரம் 20 டிகிரி காட்டினால் அஃபிடியஸ் கொலெமானி மம்மிகள் நன்றாகப் பிழைக்கின்றன என்று பெல்ஜியத்தில் கோலினே, ஹான்ஸ் முதலானோர் கண்டார்கள். அவர்களே பின்பு 2009இல் குளிரில் இருந்த ஆண்களின் இனப்பெருக்கத் திறனையும் தனியாகச் சோதித்தார்கள். நீயும் பெட்டியிலிருந்து எடுத்ததில் எத்தனை உயிரோடு வந்தது என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், வந்த ஆண் கூடுகிறதா என்று பார்.

அனுப்பும் முறையை முழுக்க மாற்று. ஆண்கள் பெண்களைவிடச் சற்று முன்னதாக வெளிவரும். முதல் நாள் ஆணாகவே வருகிறதே என்று பதறாதே, அவை வந்து காத்திருப்பதுதான் முறை. இரண்டு பாலும் ஒரே பெட்டியில், தேன் தடவிய தாளோடு, ஒரு நாள் சேர்ந்திருக்கட்டும். பிறகு அனுப்பு. மம்மியாகவே அனுப்பினால், செடிக்கு ஒன்று என்று விவசாயி தூவிவிடக் கூடாது. நிழலான சில இடங்களில் கும்பலாக வைக்கச் சொல். தூவினால் வெளிவந்த பெண்ணுக்கு அருகில் ஆண் இருக்காது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிகள் பல நிலைக்காமல் போனதற்கு, விட்ட எண்ணிக்கை குறைவாக இருந்து, பரவிப்போய், துணை கிடைக்காததும் காரணமாக இருக்கலாம் என்று ஹாப்பரும் ரஷ்ஷும் 1993இல் கணக்குப் போட்டு எழுதினார்கள். ஒரு நாட்டுக்குப் பொருந்துவது ஒரு குடிலுக்கும் பொருந்தும்.

அந்த விவசாயிக்கு உடனே ஒரு புதுத் தொகுதி அனுப்பு, காசு வாங்காதே. ‘தட்பவெப்பம் ஒத்துழைக்கவில்லை’ என்று சொல்லாமல், கூடாத குளவிகளை அனுப்பிவிட்டேன் என்று சொல். மனுஷர் சிரிப்பார், சிரித்தால் சிரிக்கட்டும். இந்த முறை அனுப்புவதற்கு முன்பு, பெட்டியிலிருந்து ஏழெட்டுப் பெண்களை எடுத்து நான் சொன்னபடி தனிக் கூண்டில் விட்டு, பிறந்த மகன் எத்தனை, மகள் எத்தனை என்று நாள்வாரியாக எழுதி எனக்கு அனுப்பு. மம்மிக் கணக்கு வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்